பீர் ஆலையில் ஒரு வழக்கு

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் உண்டு. மற்றவர்களுக்கும் உண்டுதான், ஆனால் அவர்களுக்கு அது திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் வந்துபோகிற நாள். எனக்கு அது கடிதக் கட்டு வருகிற நாள்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. பத்திரிகையின் பெயர் வேண்டாம். ஆசிரியர் நல்ல மனிதர். கதையில் ஒரு பெண், இருபதாவது வாரத்தில், புருஷன் வீட்டை விட்டு வெளியேறி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் அங்கேயே இருந்துவிடுவாள் என்பது என் எண்ணம். இருபத்தைந்தாவது வாரத்தில் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜை மேல் இரண்டு கட்டுகள் இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "பெரிய கட்டு அவளை வீட்டுக்குத் திரும்பச் சொல்லுகிறது. சின்னக் கட்டு இருந்தால் இருக்கட்டும் என்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை ஸார். வாசகர்கள் சொல்லுகிறார்கள்" என்றார்.

முப்பத்தோராவது வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். வாசலில் கோலம் போட்டிருந்ததாகக்கூட எழுதினேன்.

அந்தக் கட்டுகளைப் பற்றி எனக்கு அப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஆசிரியர் உண்மையாகவே எண்ணினாரா என்பது. எண்ணியிருந்தாலும் அதனால் தெரிவது என்ன என்ற பெரிய சந்தேகம் பிற்பாடு வந்தது. அந்தச் சந்தேகத்தை எனக்கு முன்னால், 1938-ம் வருஷத்தில், அமெரிக்காவில் ஒரு காலியான பீர் ஆலைக்குள் உட்கார்ந்துகொண்டு இரண்டு அகதிகள் வழக்காடித் தீர்க்கப் பார்த்தார்கள் என்று படித்தபோது எனக்குத் தனியாக ஒரு சிரத்தை உண்டாயிற்று. தத்துவத்தைப் பாடமாகப் படித்தவன் அல்ல நான். இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய்ப் பாதியில் நின்றவன். இந்த இரண்டு பேரில் ஒருவருடைய எழுத்து பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்து. ஆனாலும் கதை நல்ல கதை. சொல்லுகிறேன்.

முதலாவது ஆள் பால் லாஸர்ஸ்பெல்ட். 1901-ல் வியன்னாவில் பிறந்தவர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், சோஷலிஸ்டு. வியன்னாவுக்கு அருகில் மாரியன்டால் என்று ஒரு கிராமம். அங்கிருந்த பஞ்சாலை மூடிவிட்டது; ஊர் முழுவதும் வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. லாஸர்ஸ்பெல்டும், மேரி யஹோடா என்ற அம்மையாரும், இன்னும் சிலரும் அங்கே போய், அந்த ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், வாசகசாலையில் எத்தனை புத்தகம் எடுக்கிறார்கள், தெருவில் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்பது வரைக்கும் கணக்கெடுத்தார்கள். ஆமாம், நடையின் வேகத்தைக்கூட. வேலை போன ஆண்பிள்ளை தெருவில் நடக்கிற வேகம் குறைந்து, நடுவில் நடுவில் நின்றுவிடுகிறான் என்று கண்டார்கள். புத்தகம் 1933-ல் வெளிவந்தது. எண்ணிக்கை என்றால் உயிரில்லாத சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். அதே வருஷம் அவர் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவுக்குப் போனார். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் சோஷலிஸ்டுகளைப் பீரங்கி வைத்து அடக்கினார்கள். லாஸர்ஸ்பெல்ட் அமெரிக்காவிலேயே தங்கிவிட வழி தேடினார்.

இரண்டாவது ஆள் தியடோர் அடோர்னோ. 1903-ல் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். தகப்பனார் யூதர், ஒயின் வியாபாரி, தாயார் பாடகி. பிள்ளை தாயாரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டது. தத்துவத்தில் பட்டம் பெற்ற பிறகு வியன்னாவுக்குப் போய் ஆல்பன் பெர்க் என்ற சங்கீத மேதையிடம் சிட்சை பெற்றார். 1933-ல் நாஜிகள் அவருடைய போதிக்கும் உரிமையைப் பறித்தார்கள். ஆக்ஸ்பர்டில் சில வருஷம் காலம் தள்ளினார்.

பிராங்க்பர்டில் சமூக ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது. தானிய வியாபாரத்தில் குவித்த பணத்தில் ஆரம்பித்த மார்க்ஸிய நிலையம் அது. (வேடிக்கைதான். ஆனால் தர்மப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினால் நம் ஊரில் கோயில் கோபுரமே மிஞ்சாது.) ஹிட்லர் வந்ததும் அதை மூடினார்கள். அதன் தலைவர் மாக்ஸ் ஹோர்க்கைமர் ஜினீவா வழியாக நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிழலில் அதைத் திரும்ப நாட்டினார். உலகத்தை விளக்குவதோடு நிற்காமல், விளக்குகிறவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு யாருடைய உப்பைத் தின்றுவிட்டு விளக்குகிறான் என்பதையும் சேர்த்து விசாரிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. 1937-ல் எழுதிய கட்டுரையில் அதற்கு விமரிசனத் தத்துவம் என்று பெயர் வைத்தார். அடோர்னோவை அமெரிக்காவுக்கு வரவழைக்க அவருக்கு ஆசை. முழுச் சம்பளத்துக்குப் பணமில்லை. அரைச் சம்பளம் நான் தருகிறேன், மற்ற அரையை லாஸர்ஸ்பெல்டிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. இப்படியாக 1938 பிப்ரவரியில் அடோர்னோ கப்பலேறி வந்து, ரேடியோ ஆராய்ச்சியில் சங்கீதப் பகுதியின் பொறுப்பை ஏற்றார்.

ஆராய்ச்சியின் பெயர் பிரின்ஸ்டன் ரேடியோ ஆராய்ச்சித் திட்டம். பிரின்ஸ்டன் பெரிய இடம். ஆனால் காரியாலயம் அங்கே இல்லை. நியூவார்க் என்ற ஊரில் இருந்தது. நியூயார்க் அல்ல, ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சி மாகாணத்தில், வேறு ஊர். அங்கே காலியாகக் கிடந்த ஒரு பீர் ஆலையில் மேஜை நாற்காலி போட்டிருந்தார்கள். ஆற்றுக்கு அடியில் குடைந்த சுரங்கப் பாதை வழியாக அங்கே போகும்போது காப்காவின் நாவலுக்குள் நுழைகிற மாதிரி இருந்ததாக அடோர்னோ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெர்கிடம் சங்கீதம் கற்றவரை பீர் ஆலையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் வேறு என்ன தோன்றும்?

ரேடியோ அப்போது என்னவாக இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால்தான் இவர்களுடைய சண்டையின் சூடு தெரியும். 1940-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அமெரிக்காவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் ரேடியோ இருந்தது. நிலையங்கள் அநேகமாகத் தனியார் கம்பெனிகள். கேட்கிறவன் காசு கொடுப்பதில்லை. சோப்பும் சிகரெட்டும் விற்கிறவர்கள் நேரத்தை விலைக்கு வாங்கினார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் நேரத்துக்கு விலை போடமுடியும். ஆகவே எண்ணுகிறவர்கள் தோன்றினார்கள். டெலிபோனில் கூப்பிட்டு, "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று விசாரிப்பது ஒரு முறை. டெலிபோன் இல்லாத வீட்டின் காதுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ரேடியோவால் ஜனங்களுக்கு என்ன ஆகிறது என்று பொதுவாக ஆராய்வதற்குத்தான் ராக்பெல்லர் ஸ்தாபனம் பணம் கொடுத்தது. ஆனால் திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான பிராங்க் ஸ்டான்டன், கொலம்பியா ரேடியோ கம்பெனியைச் சேர்ந்தவர். பின்னால் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார்.

கடல் கடந்த பக்கத்தில் இன்னொரு ரேடியோ. 1933 ஆகஸ்டில் ஜெர்மனியில் 'ஜனங்களின் ரேடியோ' என்று ஒரு மலிவுப் பெட்டியை வெளியிட்டார்கள். விலை 76 மார்க். அதன் மாதிரி எண் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐ எண்ணாக்கி வைத்தது அது. கோயபெல்ஸின் குரல் வீட்டு அடுப்பங்கரை வரை போகவேண்டும் என்பது திட்டம். 1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியதும் அந்நிய நாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமாயிற்று; கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரைக்கும் போகலாம். பீர் ஆலையில் உட்கார்ந்திருந்த இருவரையும் நாடற்றவர்களாக்கிய அரசியலுக்கு ஊதுகுழலாக இருந்தது இந்தப் பெட்டி. இதை மறந்துவிட்டால் அடோர்னோ சும்மா முகம் சுளிக்கிற சங்கீத வித்வானாக மட்டும்தான் தெரிவார்.

ஆலையில் ஒரு யந்திரம் இருந்தது. லாஸர்ஸ்பெல்டும் ஸ்டான்டனும் சேர்ந்து செய்தது. சில பேரை உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சியைக் கேட்கச் செய்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பொத்தான். பிடித்தால் ஒன்றை அழுத்தவேண்டும், பிடிக்காவிட்டால் மற்றதை. இரண்டையும் அழுத்தாவிட்டால் இரண்டுமில்லை என்று அர்த்தம். ஓடுகிற காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். நிகழ்ச்சி முடிந்ததும், எந்த நிமிஷத்தில் மனசு ஏறிற்று, எந்த நிமிஷத்தில் இறங்கிற்று என்று நீட்டிப் பார்க்கலாம்.

எனக்கு அந்த யந்திரத்தின் மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது. என் ஆசிரியரிடம் அது இருந்திருந்தால் என் கதாநாயகி இருபத்தோராவது வாரத்திலேயே மூட்டை கட்டியிருப்பாள்.

அடோர்னோவுக்குக் கோபம் வந்தது. கலாசாரத்தை அளந்து கொடுங்கள் என்று கேட்டதும் திகைத்துப்போனார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஒருவனுக்கு ஒரு பாட்டுப் பிடித்திருக்கிறது என்று பொத்தான் சொல்லுகிறது. சரி. ஆனால் அந்தப் பிடித்தம் அவனுக்குள் எப்படி வந்தது? அன்றைய அமெரிக்காவில் ஒரு பாட்டை ஓட்டவேண்டுமென்றால் பாட்டுப் பிரசுரக் கம்பெனியின் ஆட்கள் பாண்டு கோஷ்டித் தலைவர்களைத் தேடிப்போய், காக்காய் பிடித்து, அந்தப் பாட்டையே வாசிக்கச் செய்வார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் இரண்டு தடவை, அடுத்த நிலையத்தில் இன்னொரு தடவை. பாட்டுகளெல்லாம் முப்பத்திரண்டு தாள அளவு என்கிற ஒரே அச்சில் வார்த்தவை. மேலே பூச்சுதான் வேறு. காதுக்குப் பழகிப்போனதை மனசு பிடித்தம் என்று எடுத்துக்கொள்ளுகிறது. அப்புறம் பொத்தானை அழுத்தச் சொன்னால் ஏன் அழுத்தமாட்டான்? கம்பெனி தான் போட்டதையே திரும்ப எடுத்து, இது ஜனங்களின் விருப்பம் என்று சொல்லுகிறது என்றார் அவர். ஜார்ஜ் ஸிம்ப்ஸன் என்ற அமெரிக்கரின் உதவியோடு இதை 1941-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

நல்ல சங்கீதத்தை ரேடியோவில் போட்டால் போயிற்று என்று சொன்னவர்களையும் அவர் விடவில்லை. அப்போது என்.பி.ஸி. கம்பெனி டாஸ்கனீனி என்ற மகா வித்வானைக் கொண்டு தனியாக ஒரு வாத்தியக் குழுவே நடத்திற்று. வால்டர் டாம்ராஷ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாராவாரம் சங்கீத ரசனைப் பாடம் நடத்தினார். அடோர்னோ உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னது: அன்றைய ரேடியோ பெட்டியில் பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுகின்றன, பின்னால் இரைச்சல் ஓடுகிறது, சிம்பனி சுருங்கி, மெட்டுகளின் துண்டுகளாக மிஞ்சுகிறது. பிள்ளைகள் அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டுபிடிப்பதையே ரசனை என்று கற்றுக்கொள்ளுகின்றன. சுரங்க ரயிலில் ஒருவன் பிராம்ஸின் சிம்பனி மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனால் நாமெல்லாம் சந்தோஷப்படுவோம். அவர் அதில் இடிபாட்டைக் கண்டார்.

இது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீட்டியடிக்கிறவன் அடித்துவிட்டுப் போகட்டுமே! எங்கள் ஊரில் தவில் வித்வான் வீட்டு மாடு மேய்க்கிற பையன் தோடியை முக்கால்வாசி தப்பாகப் பாடுவான். அந்தத் தப்புத் தோடி காதில் விழுந்துதான் நான் கச்சேரிக்குப் போக ஆரம்பித்தேன். ஜாஸ் சங்கீதத்தைப் பற்றி அடோர்னோ எழுதியதோ இன்னும் மோசம். நீக்ரோ அடிமைகளின் வம்சத்தார் படைத்த ஒரு கலையை ஐரோப்பிய ஓட்டல்களில் வாசித்த நடன பாண்டோடு சேர்த்துக் கட்டி ஒரே அடியாக அடித்துத் தள்ளினார். காது கூர்மையானவருக்கும் சில திசைகளில் செவிடு உண்டு.

1938 கோடையில் அவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். குறிப்பு என்றுதான் பெயர்; சுமார் 160 பக்கம். லாஸர்ஸ்பெல்ட் அதைப் படித்தார். ஸ்தாபனத்தாருக்கும் ரேடியோ கம்பெனிக்காரர்களுக்கும் காட்ட நினைத்து வாங்கியது அது. காட்டமுடியாது என்று கண்டுகொண்டார். அடோர்னோவின் அறிவில் அவருக்கு உண்மையான மரியாதை இருந்தது. அதனாலேயே பதிலில் ஒளிவு மறைவு இல்லை. பிறருடைய தப்பைப் பரிகாசம் செய்கிற நீங்கள், உங்கள் முடிவுக்கு வேறு விளக்கம் இருக்கக்கூடுமா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை; கேட்கிற ஜனங்களிடம் போய்ச் சோதித்துப் பார்க்காமலே அவர்கள் இப்படித்தான் என்று எழுதுகிறீர்கள் என்ற பொருள்பட நீண்ட கடிதம் எழுதினார்.

இதுவும் நியாயம்தானே? ஜனங்களின் மனசு பிறர் வார்த்தது என்று சொல்லுகிறவன், தன் மனசை யார் வார்த்தார்கள் என்று சொல்லவேண்டாமா?

நடுவில் ஒரு சம்பவம். 1938 அக்டோபர் 30 இரவு, ஆர்ஸன் வெல்ஸ் என்ற வாலிபர் செவ்வாய் கிரகத்தார் படையெடுத்து வந்ததாக ரேடியோ நாடகம் போட்டார். நாடகத்தில் அவர்கள் இறங்கிய இடம் அதே நியூஜெர்சி மாகாணத்தில் ஒரு கிராமம். ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள் என்று மறுநாள் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. திட்டத்தைச் சேர்ந்த ஹாட்லி கான்ட்ரில் இதை ஆராய்ந்து 1940-ல் புத்தகம் எழுதினார். உண்மையில் பயந்தவர்கள் உண்டு. ஆனால் நாடே தறிகெட்டு ஓடியதென்பது பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதியது என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விளம்பர வருமானத்தை ரேடியோ தட்டிக்கொண்டு போகிறதே என்று பத்திரிகைகளுக்கு வயிற்றெரிச்சல். ரேடியோவை நம்பி ஜனங்கள் ஏமாந்ததாக எழுதிய பத்திரிகையை நம்பி ஜனங்கள் பல காலம் ஏமாந்தார்கள்.

அந்த ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்ப் பேட்டி கண்டவர்களில் முக்கியமானவர் ஹெர்ட்டா ஹெர்ஸாக் என்ற அம்மையார். 1910-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்போது லாஸர்ஸ்பெல்டின் மனைவி. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் இரண்டு ஆண்பிள்ளைகளின் சண்டையைப் பெரிதாகச் சொல்லிவிட்டு இந்த அம்மையாரை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ அங்கே மிகவும் உபயோகமான வேலை செய்தவர் இவர்தான் என்று படுகிறது.

பகல் வேளையில் அமெரிக்க ரேடியோவில் கால் மணி நேரத் தொடர்கதைகள் ஓடின, திங்கள் முதல் வெள்ளி வரை. வீட்டில் துவைத்து மெழுகுகிற பெண்களுக்கென்று சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தியவை. அதனாலேயே சோப்பு நாடகம் என்று கேலிப் பெயர் வந்தது. படித்தவர்கள் அவற்றைப் பற்றிப் பேசவே கூசினார்கள். ஹெர்ஸாக் நியூயார்க் பக்கத்தில் இந்தத் தொடர்களைக் கேட்கிற 100 பெண்களைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசினார். ஒரு நாளைக்கு இரண்டு தொடர் கேட்கிறவளும் இருந்தாள்; இருபத்திரண்டு கேட்கிறவளும் இருந்தாள். கதை என்னவென்று கேட்டபோது, யாருக்கோ கஷ்டம் வருகிறது, அதிலிருந்து மீளுகிறார்கள், மறுபடி கஷ்டம் வருகிறது என்று சொன்னார்கள். அப்படியானால் ஏன் கேட்கிறீர்கள்? சிலர் அழுவதற்கு. தன் கஷ்டத்துக்கு வீட்டில் அழமுடியாது. அந்தக் கஷ்டத்துக்கு அழலாம். சிலருக்கு, தன்னைவிடக் கஷ்டப்படுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற ஆறுதல். சிலருக்குத் தாங்கள் வாழாத வாழ்வு. இன்னும் சிலர் யோசனைக்காகக் கேட்டார்கள். பிள்ளை சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வது, புருஷன் கோபமாக வந்தால் எப்படிப் பேசுவது என்பதற்கெல்லாம் தொடரில் வருகிறவள் நடந்துகொள்வதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டுரை 1941-ல் எதில் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஹோர்க்கைமர் நடத்திய நிலையத்தின் சொந்தப் பத்திரிகையில். அடோர்னோவின் பாட்டுக் கட்டுரை வந்ததும் அதே தொகுதிகளில்தான். லாஸர்ஸ்பெல்டும் அதில் எழுதினார். கேட்கிறவனுக்குச் சரக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது நிர்வாக ஆராய்ச்சி, அந்தச் சரக்கினால் காலக்கிரமத்தில் மனிதன் என்ன ஆகிறான் என்று கேட்பது விமரிசன ஆராய்ச்சி, இரண்டும் கூடி வாழவேண்டும் என்று சமாதானம் பேசினார். சமாதானம் தாமதமாக வந்தது. சங்கீதப் பகுதிக்கு ராக்பெல்லர் பணம் அதற்குள் நின்றுபோயிற்று. 1941 கடைசியில் அடோர்னோ ஹோர்க்கைமரைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்ஜல்ஸ் போனார்.

ஹெர்ஸாக் கண்டதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. என் தொடர் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, ஐம்பதைத் தாண்டியவள், வெற்றிலைத் தட்டோடு வந்தாள்.

"நீங்கதானே தம்பி அந்தக் கதை எழுதினவர்?"

ஒப்புக்கொண்டேன். அவள் திரும்பி வந்தது பிடித்திருந்ததா என்று கேட்டேன். கட்டில் எண்ணிய புத்தி போகவில்லை.

"திரும்பி வந்தாளா?" என்று அந்த அம்மாள் யோசித்தாள். "அது ஞாபகமில்லே. அவ நாத்தனார் கடைக்கே வந்து நாலு பேர் முன்னால கத்தறப்போ, இவ பாட்டுக்குத் துணியை மடிச்சுண்டே, 'வேலை முடிய ஆறு மணி ஆகும், வெளியிலே உக்காருங்கோ'ன்னு சொல்றாளே, அதை மூணு தடவை படிச்சேன். போன வருஷம் எனக்கு உபயோகப்பட்டது தம்பி."

அந்தக் காட்சியை நான் கதைக்காக எழுதவில்லை. அந்த வாரம் ஒன்றரைப் பக்கம் குறைந்தது, இட்டு நிரப்பினேன். அதைப் பற்றி எந்தக் கட்டிலும் ஒரு கடிதம்கூட இல்லை.

நம் தேசத்திலும் பீர் ஆலை வழக்கின் பதிப்பு ஒன்று நடந்தது. 1952-ல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் பக்தி உள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு ஹிந்தியிலும் தமிழிலும் சினிமாப் பாட்டைப் பொழிந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி ஆரம்பமானது, போன ஜனங்களைத் திரும்பக் கூட்டிவரத்தான். மந்திரி தோற்றார், ஜனங்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் கொழும்பில் பிரசித்தி பெற்ற ஹிந்திப் பாட்டு வரிசையை நடத்தியது பினாகா பற்பசை. எந்தப் பாட்டு முதலிடம் என்று தேசம் வாராவாரம் காத்திருந்ததே, அதில் ஜனங்களின் குரல் எவ்வளவு, பற்பசையின் குரல் எவ்வளவு? அடோர்னோ இருந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்து நின்றிருப்பார்.

லாஸ் ஏஞ்ஜல்ஸில், சினிமா உலகத்தின் வாசலில் குடியிருந்துகொண்டு, அவரும் ஹோர்க்கைமரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். 1944-ல் ஸ்டென்ஸில் பிரதியாகவும் 1947-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகவும் வந்தது. அதில் ஒரு அத்தியாயத்தின் பெயர்தான் பிற்பாடு உலகெங்கும் அடிபட்டது: கலாசாரத் தொழில். முதலில் வெகுஜனக் கலாசாரம் என்றுதான் எழுதியிருந்தார்களாம். அப்படிச் சொன்னால் ஜனங்களே பாடி ஆடி உண்டாக்கிய சரக்கு என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அடித்துவிட்டுத் தொழில் என்று போட்டார்கள். சோப்புத் தொழில், பஞ்சாலைத் தொழில் மாதிரி. அந்த ஒரு அடித்தல் திருத்தலில் அவர்கள் கட்சி முழுவதும் இருக்கிறது. இந்த விவரத்தை அடோர்னோ 1963-ல் ஜெர்மனியில் ஒரு சொற்பொழிவில் சொன்னார். எங்கே செய்தார் அந்தச் சொற்பொழிவை? ரேடியோவில்! 1949-ல் நாடு திரும்பிய பிறகு அவர் ரேடியோவில் பேசியது கொஞ்சமல்ல. நாஜிகள் ஊளையிட்ட அலைவரிசைகளில் சங்கீதத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்.

அவருடைய சிநேகிதர் வால்டர் பெஞ்சமினும் ரேடியோக்காரர்தான். ஹிட்லர் வருவதற்கு முன் சில வருஷங்கள் பெர்லினிலும் பிராங்க்பர்டிலும் குழந்தைகளுக்காக ரேடியோவில் பேசினார். லிஸ்பன் பூகம்பம், மிஸிஸிபி வெள்ளம் என்று கதை சொல்லுவார். புதிய யந்திரங்கள் கலையைக் கோயிலிலிருந்து இறக்கித் தெருவுக்குக் கொண்டுவரும், அதனால் ஜனங்களுக்கு நன்மையும் வரக்கூடும் என்று 1936-ல் எழுதினார். அடோர்னோ கடிதம் எழுதி மறுத்தார். 1940 செப்டம்பரில், பிரான்ஸிலிருந்து தப்பி ஸ்பெயின் எல்லையில் போர்ட்பூ என்ற ஊரை அடைந்த பெஞ்சமின், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவாதம் பாதியில் நிற்கிறது.

மற்ற விவாதம் நிற்கவில்லை. அளக்கமுடியாது என்று சொன்ன அடோர்னோ, கலிபோர்னியாவில் மூன்று மனோதத்துவ நிபுணர்களோடு சேர்ந்து, சர்வாதிகாரிக்குக் கும்பிடு போடும் சுபாவத்தை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். 1950-ல் அது பெரிய புத்தகமாக வந்தது. லாஸர்ஸ்பெல்ட் அதைப் பார்த்து, அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் ஆலையிலேயே ஏதாவது செய்திருக்கலாமோ என்ற உறுத்தலை எழுதிவைத்தார். இருவருடைய ஞாபகக் கட்டுரைகளும் அமெரிக்காவில் ஒரே புத்தகத்தில், இரண்டு அட்டைக்குள், 1969-ல் வெளிவந்தன. அந்த ஆகஸ்டில் அடோர்னோ இறந்துபோனார். ஹெர்ஸாக் நியூயார்க்கில் பெரிய விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, ஜனங்களிடம் கேள்வி கேட்கிற வேலையையே தொடர்ந்தார். 2010-ல் ஆஸ்திரியாவில், நூறு வயசுக்குப் பக்கத்தில், காலமானார்.

என் தொடரைப் புத்தகமாகப் போட வந்த பதிப்பாளர், "முடிவை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே எண்ணுகிறவர்கள் யாருமில்லை" என்றார். சந்தோஷமாகச் சம்மதித்தேன். மூன்று இரவு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளைத் துணிக்கடை மாடியிலேயே விட்டுவிட்டு எழுதினால் வாக்கியம் ஓடவில்லை. கோலம் போட்ட வாசலுக்குக் கொண்டுவந்தால் தானாக ஓடுகிறது. நாலாவது நாள் நாத்தனார் வருகிற காட்சியில் மட்டும் இரண்டு வரி சேர்த்துவிட்டு, மற்றதை இருந்தபடியே அச்சுக்குக் கொடுத்தேன்.